வேலூரில் வீடு தேடுகிறீர்களா? குழாயைத் திறந்து பார்த்த பிறகு கூடத்தைப் பாருங்கள்

வேலூருக்கு வெளியூர்க்காரர் குடிவருவது பெரும்பாலும் மூன்று இடங்களை நம்பித்தான்: சி.எம்.சி. மருத்துவமனை, வி.ஐ.டி. பல்கலைக்கழகம், கலெக்டர் ஆபீஸ். நான் மூன்றாவது ரகம். மாற்றல் உத்தரவைப் பையில் வைத்துக்கொண்டு வந்து இறங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இப்போது இருப்பது நாலாவது வீடு. முதல் வீட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தேன். புது டைல்ஸ், அகலமான கூடம், வாசலில் வேப்பமரம். பத்து நிமிடத்தில் அட்வான்ஸ் கைமாறிவிட்டது. குடிபோன மறுநாள் குக்கரில் எட்டு விசில் விட்டும் துவரம்பருப்பு பருப்பாகவே கிடந்தது. அடுத்த மாதம் குளியலறைக் குழாயெல்லாம் வெள்ளையாகப் பூத்தது. ஆறாவது மாதம் கீசர் போனது. தண்ணீர் எப்படி என்று நான் கேட்கவே இல்லை. வீட்டுக்காரரும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்ல அவருக்கென்ன வேண்டுதலா?

ஆகவே புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் எந்தக் கரை, அப்புறம் தண்ணீர், அப்புறம் வெயில், அப்புறம் ஒப்பந்தம். கூடமும் டைல்ஸும் கடைசியில்.

எந்தக் கரை என்று முடிவு செய்யுங்கள்

வேலூரின் கிடப்பைப் புரிந்துகொள்ளப் படம் எதுவும் வேண்டாம். நடுவில் பாலாறு. அதற்கு வடக்கே காட்பாடி: ரயில் சந்திப்பு, வி.ஐ.டி., காந்தி நகர். தெற்கே வேலூர்: கோட்டை, சி.எம்.சி., பழைய பஸ் நிலையம், புதிய பஸ் நிலையம், கிழக்கே சத்துவாச்சாரி. அதற்கும் தெற்கே மொட்டைப் பாறைக் குன்றுகள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை தென்கரையில் ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது.

வேலை எந்தக் கரையில் இருக்கிறதோ அந்தக் கரையில் வீடு பாருங்கள். மற்ற விஷயங்களில் விட்டுக்கொடுக்கலாம், இதில் வேண்டாம். காந்தி நகரில் வீடும் கலெக்டர் ஆபீசில் வேலையுமாக நான் இரண்டு வருடம் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் கொஞ்ச தூரம்தான். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பாலாற்றுப் பாலமும் கிரீன் சர்க்கிள் சாலைச் சந்திப்பும் சேர்ந்து அந்தத் தூரத்தை இரண்டு மடங்காக்கிவிடும். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வீடு என்றால் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சத்துவாச்சாரி: அரசு அலுவலர்களின் ஊர் என்றே சொல்லலாம். கலெக்டர் அலுவலகம் இங்கே இருப்பதால் அதைச் சுற்றி வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகள் ஃபேஸ்-1, ஃபேஸ்-2, ஃபேஸ்-3 என்று வளர்ந்திருக்கின்றன. 'ஹவுசிங் போர்டு' என்று மட்டும் சொன்னால் ஆட்டோக்காரர் "எத்தினியாவது ஃபேஸ்?" என்று கேட்பார், அதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தெருக்கள் ஓரளவு நேராக, அகலமாக இருக்கும். நடுத்தர, குறைந்த வருமானக்காரர்களுக்கென்று வாரியம் கட்டிய பழைய எம்.ஐ.ஜி., எல்.ஐ.ஜி. வீடுகளின் மேல் மாடி எழுப்பி, அதைத்தான் பெரும்பாலும் வாடகைக்கு விடுகிறார்கள். இங்கே கவனிக்க வேண்டியது நெடுஞ்சாலை. ரேஷன் கடை, பிள்ளைகளின் பள்ளி, நீங்கள் பஸ் ஏறும் இடம் மூன்றும் வீடு இருக்கிற பக்கமே இருக்கின்றனவா என்று பாருங்கள். தினம் இரண்டு முறை குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடக்கும் வாழ்க்கை வேண்டாம்.

காந்தி நகர், காட்பாடி: காந்தி நகர் திட்டமிட்டுப் போட்ட மனைப்பிரிவு. கிழக்கு, மேற்கு என்று இரண்டு பாதி. ஒவ்வொன்றிலும் எண் போட்ட குறுக்குத் தெருக்கள். முகவரி எழுதும்போது 'ஏழாவது குறுக்குத் தெரு' என்று மட்டும் எழுதினால் பார்சல் மேற்குக்குப் போய்விடும், கிழக்கையும் மேற்கையும் விடாமல் எழுதுங்கள். ஆக்சிலியம் கல்லூரி இங்கேதான். மரங்கள் உண்டு, மாலை நடைக்கு நல்ல இடம். வாடகைதான் கொஞ்சம் கடிக்கும். வி.ஐ.டி. பக்கம் போகப்போக வீடுகள் மாணவர்களுக்கு அறை அறையாகப் பிரிந்திருக்கும். நாலு மாணவர்கள் சேர்ந்து தரும் வாடகையோடு ஒரு குடும்பம் போட்டி போட முடியாது, அந்தப் பக்கம் அலையாமல் இருப்பதே நல்லது.

பாகாயம், தொரப்பாடி, ஓட்டேரி: தென்பக்கம். சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி வளாகம் பாகாயத்தில், மருத்துவமனையிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டரில் இருக்கிறது. அமைதி வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் என் முதல் சிபாரிசு. தொரப்பாடி என்றதும் எல்லாருக்கும் மத்தியச் சிறைதான் நினைவுக்கு வரும். அதனால் தயங்குபவர்கள் உண்டு, தயக்கத்தில் அர்த்தமில்லை.

சைதாப்பேட்டை, தோட்டப்பாளையம், கொசப்பேட்டை எல்லாம் பழைய ஊர். சி.எம்.சி.க்கு நடந்து போகலாம், எந்தப் பொருளும் கையெட்டும் தூரத்தில் கிடைக்கும், ஆனால் தெரு குறுகல். காந்தி ரோட்டைச் சுற்றி வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்காகப் பல வீடுகள் லாட்ஜாக மாறிவிட்டன. கடைப் பலகைகளில் வங்காள எழுத்தைப் பார்த்து ஆச்சரியப்படாதீர்கள். அங்கே நாள் வாடகைக்குப் போகும் அறையை மாத வாடகைக்குக் கேட்டால் விலை கட்டாது.

எப்போது தேடுவது

ஆடியிலும் மார்கழியிலும் இந்தப் பக்கம் யாரும் புதுவீடு குடிபோக மாட்டார்கள். அதனால் காலி வீடு வைத்திருப்பவர் இறங்கி வருவார். உங்களுக்கு அந்தக் கணக்கு இல்லையென்றால் ஆனி கடைசி வாரம் போய், ஆடியில் குடிவருகிறேன் என்று பேசிப் பாருங்கள். என் மூன்றாவது வீட்டை அப்படித்தான் பிடித்தேன். "ஆடியிலயா வர்றீங்க?" என்று வீட்டுக்கார அம்மா இரண்டு முறை கேட்டார்கள். கடைசியில் பால் காய்ச்சுவதை மட்டும் ஆனி முடிவதற்குள் ஒரு நல்ல நாளில் வந்து காய்ச்சிவிட்டு, சாமானை ஆடியில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று அவர்களே வழியும் சொன்னார்கள். காட்பாடிப் பக்கம் மட்டும் இந்த உபாயம் பலிக்காது. வி.ஐ.டி.யில் புது மாணவர்கள் வந்து இறங்குவது ஏறக்குறைய அந்தச் சமயம்தான்.

டூலெட் பலகையை நம்பித் தெருத்தெருவாக நடப்பது இன்னும் நல்ல முறைதான். புரோக்கர் வழியாகப் போனால் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்பார். கேட்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வீடு முடிந்த பிறகு பேசினால் பேச்சு நமக்குச் சாதகமாக இருக்காது. தெரு முனை இஸ்திரிக்காரருக்கு எந்த வீடு எப்போது காலியாகிறது, ஏன் காலியாகிறது என்பதெல்லாம் தெரியும். அந்த 'ஏன்'தான் முக்கியம்.

தண்ணீர்: இங்கே அவசரப்படாதீர்கள்

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். மூன்றாவதை 1981இல் சரிசெய்துவிட்டார்கள். பல காலம் சத்துவாச்சாரி விநாயகர் கோயிலில் பத்திரமாக வைத்திருந்த லிங்கம் அந்த ஆண்டு கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பியது. ராஜா இனி வரப்போவதில்லை. நீரில்லாத ஆறு மட்டும் இன்றைக்கும் வருடத்தில் பெரும்பகுதி அப்படியே மணலாகக் கிடக்கிறது. அதே பாலாறு 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியதையும் இந்த ஊர் பார்த்தது. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு வீடு பார்க்க வேண்டும்.

வீட்டுக்காரரிடம் "தண்ணீர் வருமா?" என்று கேட்காதீர்கள். "இருபத்தி நாலு மணி நேரமும் வரும் சார்" என்பார். பொய் இல்லை, போர்வெல் மோட்டாரைப் போட்டால் வரும். கேட்க வேண்டியது "எந்தத் தண்ணி?" என்று. இந்த ஊரில் தண்ணீர் இரண்டு ஜாதி: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. நல்ல தண்ணி என்பது மாநகராட்சிக் குழாயில் வருவது, அதில் காவிரிக் கூட்டுக் குடிநீரும் சேர்த்தி. உப்புத் தண்ணி என்பது போர்வெல். மாநகராட்சித் தண்ணீர் எல்லாத் தெருவுக்கும் தினமும் வராது. தெருவுக்குத் தெரு முறை மாறும், கோடையில் இடைவெளி நீளும்.

ஆக, வீட்டைப் பார்க்கப் போகும்போது இவற்றைக் கேளுங்கள், முடிந்தால் கண்ணால் பாருங்கள்.

மாநகராட்சி இணைப்பு இந்த வீட்டுக்கு இருக்கிறதா? இருந்தால் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு? விடிகாலை நாலு மணிக்கு என்றால் எழுந்து பிடிப்பது யார்? நல்ல தண்ணிக்குத் தனி சம்ப் இருக்கிறதா, அல்லது நல்லதும் உப்பும் ஒரே சம்பில் கலக்கிறதா? கலந்தால் உங்களுக்குக் கிடைப்பது உப்புத் தண்ணிதான். சம்ப்பை எத்தனை குடும்பம் பங்கிடுகிறது? மோட்டார் சுவிட்ச் யார் வீட்டுக்குள் இருக்கிறது? இந்தக் கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். என் இரண்டாவது வீட்டில் சுவிட்ச் வீட்டுக்காரர் சமையலறையில் இருந்தது. அவர்கள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போன மூன்று நாளும் நாங்கள் பக்கத்து வீட்டில் குடம் ஏந்தி நின்றோம்.

மாநகராட்சிக் குழாயில் நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிற வீடாக இருந்தால் யோசியுங்கள். அது சட்டவிரோதம், சோதனைக்கு வந்தால் மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள், இணைப்பையும் துண்டிக்கலாம்.

போர்வெல் தண்ணீரைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. குளியலறைக் குழாயின் வாயைப் பாருங்கள், வெள்ளைப் படிவம் எவ்வளவு தடிமன் என்று தெரியும். கையோடு ஒரு சோப்புத் துண்டு கொண்டுபோய்க் கை கழுவிப் பாருங்கள், நுரை வருகிறதா என்று. தண்ணீரில் கரைந்த உப்பை, அதாவது டி.டி.எஸ்.ஸைப் பார்க்கும் பேனா மாதிரி ஒரு கருவி ஆன்லைனில் கிடைக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுக்கலாம். கருவி 1500 காட்டினால் அந்த வீட்டில் குளிக்கலாம், துணி துவைக்கலாம், சமைக்க வேண்டாம். ஆனால் இந்தக் கருவி உப்பின் அளவை மட்டும்தான் காட்டும், கிருமியைக் காட்டாது.

இன்னொரு வழி எனக்குப் பிடித்தது. அந்தத் தெருவுக்குத் தண்ணீர் கேன் போடும் தம்பியை நிறுத்தி, "இந்த வீட்டுக்கு வாரத்துக்கு எத்தனை கேன் போடறே?" என்று கேளுங்கள். நாலு பேர் குடும்பத்துக்கு இரண்டு, மூன்று கேன் என்றால் குடிக்க மட்டும் வாங்குகிறார்கள். ஏழு, எட்டு என்றால் சமையலும் கேனில்தான். வாடகையோடு அந்தச் செலவையும் கூட்டிக்கொண்டு பேரம் பேசுங்கள்.

வெயில்: மத்தியானம் மூன்று மணிக்குப் போங்கள்

தமிழ்நாட்டில் வெப்பத்தின் அளவைத் தினமும் வாசிக்கும்போது வேலூர் பெயர் அடிக்கடி முன்வரிசையில் வரும். மே மாதம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. சுற்றிலும் பாறைக் குன்றுகள் இருப்பதால் பகல் முழுக்கக் குடித்த சூட்டை ராத்திரியில் கக்கும்.

காலையில் பார்க்கும் வீடு எல்லாமே குளுமையாகத்தான் இருக்கும். அதனால் பிடித்த வீட்டை மத்தியானம் மூன்று மணிக்கு இன்னொரு முறை போய்ப் பாருங்கள். மேற்குச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். படுக்கையறை அந்தச் சுவரை ஒட்டி இருந்தால் இரவு பதினொரு மணி வரை அந்தச் சுவர் அடுப்புதான். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடு வாடகை குறைவாகக் கிடைக்கும். குறைந்த வாடகையை ஏ.சி.யின் கரண்ட் பில் வாங்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட வீட்டைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது என்றால், சித்திரை பிறப்பதற்குள் மொட்டை மாடித் தளத்தில் சுண்ணாம்போ வெயில் தடுக்கும் வெள்ளைப் பெயிண்ட்டோ அடித்துத் தர வேண்டும் என்று முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஏ.சி. மாட்டுவதாக இருந்தால் அதற்குத் தனி வயர் போயிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். பழைய ஹவுசிங் போர்டு வீடுகளில் மின்விசிறிக்கும் குழல் விளக்குக்கும் கணக்குப் பண்ணிப் போட்ட வயரிங்தான் இன்னும் ஓடுகிறது.

ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருக்கிறதா? சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்தி வைக்க வேண்டிய ஊர் இது. வலை இல்லாமல் கதவைச் சாத்தினால் வெந்துவிடுவோம்.

வாசலில் நின்று தெருவைப் பாருங்கள்

வீட்டின் வாசல்படி தெருவைவிட உயரமா, தாழ்வா? வேலூர் 2016இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பணியும் பாதாளச் சாக்கடைப் பணியுமாகத் தெருக்களைத் தோண்டித் தோண்டி மூடினார்கள். மூடிய இடத்தில் மேலே மேலே சாலை போட்டதில் பல பழைய வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் முதலில் நுழைவது அந்த வீடுகளுக்குள்தான். கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்தில் புதுப் பெயிண்ட் மட்டும் தனியாகத் தெரிந்தால் காரணம் கேளுங்கள். கன்சால்பேட்டை போல நிக்கல்சன் கால்வாயை ஒட்டிய தாழ்வான இடங்களில் வீடு பார்ப்பவர்கள், அக்கம்பக்கத்தில் 2021 மழையைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

பாதாளச் சாக்கடை இணைப்பு கொடுத்துவிட்டார்களா, இன்னும் செப்டிக் டேங்க்தானா என்று கேளுங்கள். செப்டிக் டேங்க் என்றால் லாரி கூப்பிடும் செலவு யாருடையது என்பதும் பேச்சில் வரட்டும். குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துத்தான் வாசலுக்கு வரும் தூய்மைப் பணியாளரிடம் கொடுக்க வேண்டும். வண்டி வரும் நேரத்தில் வீட்டில் ஆள் இருக்க மாட்டீர்கள் என்றால் பக்கத்து வீட்டு அம்மாவோடு முதல் வாரமே சிநேகமாகிவிடுங்கள்.

இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை தெருவில் நடந்தும் பாருங்கள். தெருவிளக்கு, நாய், பைக் நிறுத்த இடம் மூன்றும் பகலில் தெரியாது.

வீட்டுக்காரரோடு பேச்சும் ஒப்பந்தமும்

"இன்னா சார், ஃபேமிலியா பேச்சிலரா?" என்பது முதல் கேள்வியாக வரும். அடுத்தது எங்கே வேலை என்று. கறி சமைப்பீர்களா என்று சுற்றி வளைத்துக் கேட்பவர்களும் உண்டு, நேராகக் கேட்பவர்களும் உண்டு. கோபப்பட்டுப் பயனில்லை, ஒத்துவராத இடம் என்று முதலிலேயே தெரிந்ததே லாபம் என்று அடுத்த தெருவுக்கு நடந்துவிடுங்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில் பழக்கம் ஒன்று, சட்டம் ஒன்று. பழக்கத்தில் ஐந்து மாதம், பத்து மாதம் என்று கேட்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இரு தரப்பும் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது அது. வீட்டைக் காலி செய்து ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், பிடித்தம் போக மீதியைத் திருப்பித்தர வேண்டும். சட்டத்தை மேசையில் தட்டிப் பேசினால் வீடு கிடைக்காது. "மூணு மாசம்தானே சார் சட்டப்படி, நான் நாலு தர்றேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் பத்து ஐந்துக்காவது வரும்.

அதே சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிவும் செய்ய வேண்டும். அரசின் இணையதளத்திலேயே பதியலாம். 'பதினோரு மாத அக்ரிமென்ட் போதும், ரிஜிஸ்டர் எல்லாம் எதுக்கு?' என்று பல வீட்டுக்காரர்கள் இன்னும் சொல்கிறார்கள். அந்தப் பதினோரு மாத வழக்கம், பன்னிரண்டு மாதத்துக்குமேல் போனால் பத்திரப்பதிவு கட்டாயம் என்பதைத் தவிர்க்க வந்தது. புதுச் சட்டத்தில் அந்தச் சாக்கு செல்லாது.

ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டால் பின்னால் சண்டை வரும் இடங்கள் என் அனுபவத்தில் மூன்று. வாடகை வருடத்துக்கு எவ்வளவு ஏறும் என்பது ஒன்று. காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ் என்பது இரண்டு. பெயிண்டிங் காசு மூன்று. சட்டத்தின் பட்டியலில் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பில்தான் இருக்கின்றன. அடைத்துக்கொண்ட வடிகாலைச் சரிசெய்வது, சுவிட்ச், சாக்கெட் மாற்றுவது போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஆனால் நடைமுறையில் 'காலி பண்ணும்போது ஒரு மாச வாடகை பெயிண்டுக்கு' என்பது எழுதாத விதி. ஒரு வீட்டில் இரண்டு மாத வாடகையைப் பிடித்தார்கள். என்னிடம் எழுத்து இல்லை, போட்டோவும் இல்லை. இப்போதெல்லாம் சாமான் இறக்குவதற்கு முன்னால் காலி வீட்டை ஒவ்வொரு சுவராக செல்போனில் படம் பிடித்து, அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன்.

கரண்ட் மீட்டர்

உங்கள் போர்ஷனுக்குத் தனி மின் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தனி மீட்டர் வேறு, தனி இணைப்பு வேறு. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. ஒவ்வோர் இணைப்புக்கும் முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் விலை விகிதமே மாறிவிடும். மூன்று போர்ஷன் ஒரே இணைப்பில் இருந்து ஆளுக்கு 250 யூனிட் எரித்தால் மொத்தம் 750 ஆகிறது. தனித்தனியாக இருந்திருந்தால் மூன்று பேருமே கீழ்த்தட்டில், மூன்று பேருக்கும் 100 யூனிட் இலவசம். இப்போது சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் நிர்ணயித்த விலையைத் தர வேண்டும். தனி இணைப்பு இருக்கிற வீட்டுக்கு இருநூறு முந்நூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும் கோடையில் அது திரும்பி வந்துவிடும்.

இணைப்பு எண்ணை வாங்கி, பழைய பாக்கி ஏதும் இருக்கிறதா என்று மின்வாரிய இணையதளத்தில் பாருங்கள். குடிபோகும் நாளில் மீட்டர் ரீடிங்கைப் படம் எடுத்து வையுங்கள். கரண்ட் போனால் 94987 94987, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண், இரவிலும் எடுக்கிறார்கள்.

காகித வேலை

தாலுகாவைத் தெரிந்துகொள்வதுதான் இதில் பாதி வேலை. காந்தி நகரும் காட்பாடியும் காட்பாடி தாலுகா. சத்துவாச்சாரி வேலூர் தாலுகா. எல்லாம் ஒரே வேலூர் மாநகராட்சிதானே என்று தவறான தாலுகா அலுவலகத்தில் அரை நாள் உட்கார்ந்தவன் நான். மாநகராட்சியாக ஊர் உயர்ந்தது 2008இல். சத்துவாச்சாரியும் காட்பாடிப் பக்கத்து ஊர்களும் 2011இல்தான் அதனோடு சேர்ந்தன. இப்போது 4 மண்டலம், 60 வார்டு. உங்கள் வார்டு எண்ணை வீட்டுவரி ரசீதிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள், குழாய் புகாரோ தெருவிளக்குப் புகாரோ எதற்கும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

ரேஷன் அட்டை முகவரியை உணவுத்துறை இணையதளத்தில் மாற்றலாம், முடியாதவர்கள் இ-சேவை மையம் போகலாம். மாறும் வரை அரிசிக்குக் கவலை வேண்டாம். கைரேகை வைத்து அருகிலுள்ள கடையில் வாங்கிக்கொள்ளலாம். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்ற படிவம் 8. கேஸ் இணைப்பை வேறு ஊரிலிருந்து கொண்டுவருகிறவர்கள், பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள். சிலிண்டரை லாரியில் ஏற்றிக்கொண்டு வராதீர்கள். கசிவு என்றால் 1906.

பஸ், சந்தை, ஆஸ்பத்திரி

வேலூரில் இரண்டு எண்ணைத் தெரிந்துகொண்டால் பாதி ஊர் தெரிந்த மாதிரி: டவுன் பஸ் 1, 2. காட்பாடி ரயில் நிலையத்துக்கும் பாகாயத்துக்கும் இடையே ஓடும், வழியில் சி.எம்.சி. இந்தத் தடத்துக்கு அருகில் வீடு என்றால் வண்டி இல்லாமலே காலம் தள்ளலாம். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அரசு டவுன் பஸ்ஸில் மட்டும். இங்கே தனியார் டவுன் பஸ் நிறைய ஓடுகிறது, அதில் டிக்கெட் எடுக்க வேண்டும்; அவசரத்தில் ஏறிவிட்டு நடத்துநரோடு வாக்குவாதம் வேண்டாம்.

காய்கறிக்கு டோல்கேட் உழவர் சந்தை, காட்பாடி உழவர் சந்தை. காலை எட்டு மணிக்குள் போனால் நல்ல காய். மொத்தமாக வாங்க நேதாஜி மார்க்கெட். முள்ளுக் கத்திரிக்காய் கண்ணில் பட்டால் விடாதீர்கள். இலவம்பாடிப் பக்கம் விளைவது, 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. காம்பில் மட்டுமில்லை, எடுக்கும்போது விரலிலும் முள் இருக்கும். எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு இதை விட்டால் வேறில்லை. நல்ல தண்ணியில் வேகவையுங்கள், அவ்வளவுதான்.

சி.எம்.சி. இருக்கிற ஊர், மருத்துவத்துக்கு என்ன கவலை என்று எல்லோரும் நினைக்கிறோம். சாதாரணக் காய்ச்சலுக்கு அங்கே வரிசையில் நின்றால் ஒரு நாள் போய்விடும். தெருவில் உள்ள குடும்ப டாக்டர் யார் என்று முதல் மாதமே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அடுக்கம்பாறையில் இருக்கிறது, ஊருக்குத் தெற்கே.

சித்ரா பௌர்ணமி இரவு புஷ்பப் பல்லக்கு வரும். அன்று பழைய ஊர்ப் பக்கம் வண்டியை எடுக்காதீர்கள், நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மனை வாங்கும் ஆசை வந்தால்

இரண்டு மூன்று வருடத்தில் வரும். அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும், இப்போதைக்கு இரண்டு வார்த்தை. அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளுக்கு 2016இல் உயர் நீதிமன்றம் பதிவைத் தடுத்தது. அந்த ஆண்டு அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளை முறைப்படுத்த வரன்முறைத் திட்டம் வந்தது. 'பக்கத்தில எல்லாரும் வீடு கட்டியிருக்காங்களே' என்பதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாமல், நகர் ஊரமைப்பு அனுமதி அல்லது வரன்முறை உத்தரவைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஹவுசிங் போர்டு வீடு என்றால், வாரியம் முதல் ஒதுக்கீட்டாளருக்கு விற்பனைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டதா என்பதுதான் முதல் கேள்வி. தவணை பாக்கி இருக்கிற வீடு கை மாறிக் கை மாறி வந்திருக்கும். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

குடிபோகும் நாள்

முதல் நாள் சாயங்காலமே சாவியை வாங்கிக்கொண்டு போய் எல்லாக் குழாயையும் ஐந்து நிமிடம் திறந்து விடுங்கள். காலி வீட்டில் பைப்பில் தேங்கியிருந்த தண்ணீர் செம்பழுப்பாக வரும். மாடித் தொட்டியைக் கழுவ ஆள் சொல்லி வையுங்கள், கழுவிய பிறகு சம்ப்பை நிரப்பச் சொல்லுங்கள். பால் காய்ச்சுவதற்கு வீட்டுக்காரர் வீட்டிலிருந்து ஒரு குடம் நல்ல தண்ணி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கும்போதே அவர்கள், "இந்தத் தெருவுல திங்கள், வியாழன் விடிகாலை வரும், கேட் திறக்கிற சத்தம் வந்தா எழுந்துக்கோங்க" என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கிழமையைக் குறித்துக்கொண்டு, அன்றிரவு அலாரம் வைத்துவிட்டுத் தூங்குங்கள்.